கடைக்கோடி முறை

ராமசாமிக்கு எல்லா வார்த்தையும் வாயில் வரும், "முடியாது" என்ற ஒன்றைத் தவிர. அதிலும் போனில் மச்சான் ராஜாங்கத்தின் குரல் கேட்டுவிட்டால் போதும், மனுஷர் எழுந்து நின்றுதான் பேசுவார். "அதுக்கின்னா மச்சான், நம்ப எடந்தான, மரத்தடியிலயே வண்டியப் போட்டுக்குங்க, தாராளமா வாங்க" என்று புதன்கிழமையே சொல்லிவிட்டார். சொன்னதைப் பெண்டாட்டியிடம் சொல்லத்தான் வெள்ளிக்கிழமை காலைவரை தைரியம் வரவில்லை.

செந்தமிழ்ச்செல்வி அப்போது தோப்பைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி மலைமேல் நல்ல மழை. அடிவாரத்துக்குத் தூறல்தான் வந்தது என்றாலும் தூங்குமூஞ்சி மரம் இலையும் சுள்ளியுமாக உதிர்த்து வைத்திருந்தது. கையில் டீ டம்ளரோடு புருஷன் வருவதைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அந்த மனுஷர் தானாக டீ போட்டுக்கொண்டு வந்தால் எங்கேயோ எதையோ கவிழ்த்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா?

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஒன்னும் இல்லம்மே. மச்சான் போன் பண்ணாரு. அவரு கூட்டாளி ஒருத்தரு சேலத்துல கேரவன் வண்டி வாங்கியிருக்காராம். லீவுக்கு அவங்க குடும்பத்த இட்டுக்கினு வராராம். ஒங்க அண்ணியும் வராங்க. மரத்தடில போட்டுக்கட்டான்னு கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"வாங்கன்னேன்."

"இன்னிக்கு மரத்தடி யாரு முறைன்னு தெரியுமா தெரியாதா?"

தெரியும். தெரிந்ததால்தான் டீ.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, கரியாலூருக்கு மலை ஏறுகிற ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது அந்தத் தோப்பு. செந்தமிழின் அப்பா மகள் பேருக்கு எழுதிவைத்தது. எழுதியபோது அண்ணன் ராஜாங்கம் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் எந்த அண்ணன் போட்டான் சொல்லுங்கள். அருவிக்குப் போகிறவர்கள் நிழலைப் பார்த்து வண்டியை நிறுத்தி, சோறாக்கித் தின்றுவிட்டு, எச்சில் இலையை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு ஒடிந்துதான், எவன் எவனோ சும்மா வந்து நிறுத்துவதற்கு நாமே இடம் பிரித்து வாடகைக்குக் கொடுத்தால் என்ன என்று அவள் ஆரம்பித்தாள். குழாய் போட்டாள், கக்கூஸ் கட்டினாள், ராத்திரிக்கு லைட்டு இழுத்தாள். முதலில் கூடாரம் போடுகிற பையன்கள் வந்தார்கள். அப்புறம் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும், படுக்கை, அடுப்பு, கண்ணாடி ஜன்னல் எல்லாம் உள்ளேயே வைத்த கேரவன் வண்டிகள் வர ஆரம்பித்தன.

ஆறே இடம். கழனிக்குப் பேர் வைக்கிறமாதிரி ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தாள். எல்லோருக்கும் கண் மரத்தடி மேல்தான். தரை சமம், அணைப்பக்கத்துக் காற்று, பக்கத்திலேயே ஓடைச் சத்தம். யாருக்கும் வேண்டாத இடம் கடைக்கோடி. பள்ளம், கூப்பிடு தூரத்தில் எருக்குழி. அது போதாதென்று நீள வண்டி கடைக்கோடிக்குத் தோப்பு வழியாகப் போகவும் முடியாது. ரோட்டுக்கு ஏறி, அணை வரைக்கும் போய்த் திருப்பி, கீழே வண்டிப்பாதை வழியாகச் சுற்றித்தான் வரணும். புதிதாக வருகிற டிரைவர்கள் அதற்கே ஒரு பாட்டம் திட்டுவார்கள்.

ஆரம்பத்தில் முந்தி வந்தவருக்கு முந்தி இடம் என்றுதான் கொடுத்தாள். நம் ஜனங்கள் பஸ் ஜன்னலில் துண்டு போட்டு சீட்டுப் பிடித்தவர்கள் ஆயிற்றே? விடியக் கருக்கலில் ஒருத்தன் மட்டும் பைக்கில் வந்து மரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "எங்களுது நாலு வண்டி பின்னால வருது" என்பான். சரி, போனில் சொல்லி வைக்கட்டும் என்று மகள் சுபஸ்ரீ ஒரு ஏற்பாடு செய்தாள். அப்புறம் அவர் சொன்னார், இவர் சொன்னார் என்று சிபாரிசு போன். ஒரு பொங்கல் லீவில் சட்டையைப் பிடித்துச் சண்டை ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் செந்தமிழுக்குக் கோபம் வந்து, "எல்லாரும் கம்முனு இருங்க, இனிமே இங்க ஏரி முறைதான்" என்று சொல்லிவிட்டாள்.

அவள் ஊர் ஏரியில் தண்ணீர் ஒரு முறை தலைமடையிலிருந்து வந்தால் மறுமுறை கடைமடையிலிருந்து வரும். போன முறை காய்ந்தவன் இந்த முறை முதலில் பாய்ச்சுவான். ஒருவன் முறையை இன்னொருவன் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கேட்கிறவன் தானே போய் உரியவனுடைய வரப்பில் நின்று கேட்கணும். ஆள் விட்டுக் கேட்டால் கிடையாது. தோப்புக்கும் அதேதான். கடைக்கோடியில் படுத்தவருக்கு அடுத்த தடவை மரத்தடி. பொழுது சாய்வதற்குள் வந்து சேராவிட்டால் மட்டும் முறை கைமாறும். ஒரு சென்னைக்காரர் கடைக்கோடியில் இறங்கி, "இதென்னம்மா நியாயம்?" என்று குதித்தார். அடுத்த தடவை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதே நியாயத்தைப் பக்கத்து வண்டிக்காரருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த ஆகஸ்ட் லீவுக்கு மரத்தடி செல்லியம்மாளின் முறை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்காரி. சித்தாள் வேலைக்குப் போகிறவள். ரெண்டாயிரத்து இருபத்து நாலில் அந்தத் தெருவை உலுக்கிய கள்ளச்சாராயச் சாவில் அவள் புருஷனும் போனான். அவளாக அதைப் பேசமாட்டாள், செந்தமிழும் கேட்டதில்லை. இந்தக் கோடை லீவில் தெருப் பிள்ளைகளையெல்லாம் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அருவி பார்க்க வந்தாள். அன்றைக்கு அவர்கள் முறைக்குக் கிடைத்தது கடைக்கோடி. பொழுது இறங்கியதும் கோடை மழை பிடித்துக்கொண்டு, கூடாரத்துக்குள் முழங்கால் தண்ணீர். செந்தமிழ் வீட்டுக்குள் வரச்சொல்லிக் கூப்பிட்டும் பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு, பெரியவர்கள் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே நின்றார்கள். விடிந்ததும் செல்லியம்மாள் புடவையைப் பிழிந்துகொண்டே, "அடுத்த தடவ மரத்தடி என்துதானக்கா?" என்று கேட்டாள். "ஒன்துதான்" என்றாள் செந்தமிழ். அந்த வாரமே மண்வெட்டியை எடுத்துக் கடைக்கோடியைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, சரளை அடித்து மேடாக்கினாள். எருக்குழியை மாற்றுகிற வேலையை ராமசாமியிடம் விட்டாள். அது அங்கேயேதான் இருக்கிறது.

"ஒரே ஒரு தடவ, தமிழு," என்றார் ராமசாமி. "ஆவணில நிச்சயத்த வெச்சிக்கினு மச்சான பகைச்சிக்கலாமா?"

அவளுக்கும் பயம் அதுதான். ஆவணி முதல் முகூர்த்தத்தில் சுபஸ்ரீக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் முன்னால் நின்று சீர்த்தட்டைத் தூக்காமல் எந்தப் பெண்ணுக்கு நிச்சயம் நடக்கும்? மாப்பிள்ளை வீட்டார் முதலில் தேடுகிற முகமே அதுதான். அந்த முகம் வரவில்லை என்றால், "இன்னா, பொறந்த வூட்ல சண்டையா?" என்று ஊரே கேட்கும். சுபஸ்ரீக்கும் மாமன் என்றால் உயிர். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "அம்மா, செல்லியக்காகிட்ட நான் வேணா பேசறேம்மா, இந்த ஒரு தடவ மட்டும்" என்று கெஞ்சினாள்.

"நீ பேசினா அது மூணாம் மனுஷி கேக்கறது. வாய மூடிக்கினு போய் கோழிக்கு மசாலா அரை."

"மாமா கோச்சிக்குவாரும்மா."

"கோச்சிக்கட்டும். கோழி துன்னா கோவம் நிக்காது."

வாய்தான் அப்படிச் சொன்னது. மரத்தடிக்குப் போகிற வழியில் குறுக்கே கயிற்றைக் கட்டினாள். முடிச்சு ரெண்டு தடவை அவிழ்ந்தது.

பதினோரு மணி வாக்கில் வண்டி வந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு வீட்டையே சக்கரத்தில் வைத்து உருட்டி வருகிறமாதிரி. ஓட்டி வந்தது ராஜாங்கமேதான். சின்னசேலத்தில் மக்காச்சோள மண்டி வைப்பதற்கு முன்னால் அவர் லாரி ஓட்டியவர். பெரிய வண்டியைப் பார்த்தால் இன்னும் கை ஊறும். சேலத்துக் கூட்டாளியும் அவர் சம்சாரமும் பின்னால் கண்ணாடி வழியாகத் தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கயிற்றைப் பார்த்ததும் ராஜாங்கம் ஹாரன் அடித்தார். அவிழ்க்க யாரும் வராததால் இறங்கி வந்தார்.

"தமிழு, இன்னாத்துக்கு கயிறு? அவுரு."

"வாண்ணா. வாங்கண்ணி. மொத வூட்டாண்ட வாங்க, மோர் குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

"மோர் அப்பால குடிக்கிறேன். வண்டி நடு வழியில நிக்குது பாரு."

"அண்ணா, மரத்தடி இன்னிக்கு வேற ஆளு முறை. மீதி எல்லாம் வண்டி வந்து நின்னுடுச்சு. கடக்கோடி ஒன்னுதான் காலியா இருக்குது."

ராஜாங்கம் தங்கச்சி புருஷன் பக்கம் திரும்பினார். ராமசாமி அந்த நேரம் பார்த்துத் தென்னை மட்டையை இழுத்துப் போடுகிற அவசர வேலையில் இறங்கியிருந்தார்.

"மாப்ள தாராளமா வாங்கன்னாரு?"

"அவரு சொன்னது தப்புண்ணா. எனக்கே இன்னிக்கு காலையிலதான் தெரியும். தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஒன்கிட்ட சொல்லியிருப்பேன்."

"யாரு முறை?"

"கருணாபுரம் செல்லியம்மா. புள்ளைங்கள இட்டுக்கினு வருது."

"வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. பொழுது சாயற வரைக்கும் அவங்களுதுதான்."

"ஆளே வரல, எடம் காலியா கெடக்குது, அண்ணன்காரன் நடு ரோட்ல நிக்கணும். நல்லா இருக்குதும்மா ஒன் முறை." குரல் ஏறியது. "இந்த மரத்துக்கு குழி தோண்டினது யாரு? அப்பா செடிய புடிச்சிக்கினு நின்னாரு, குழி தோண்டினவன் நான். ஓடையில மொண்டு மொண்டு ஊத்தினவன் நான். நீ அப்ப பாவாடைய தூக்கிக்கினு பின்னாலயே ஓடியாந்துக்கினு இருந்த."

"ஆமாண்ணா. யாரு இல்லன்னா?"

"அப்பறம் இன்னா? கூட்டாளிகிட்ட வழி பூரா சொல்லிக்கினு வந்தேன். எங்க அப்பா வெச்ச மரம், என் தங்கச்சி எடம், ராஜா மாதிரி எறங்கலாம்னு. இப்ப எருக்குழி பக்கத்துல அவர படுக்க சொல்றியா?"

அண்ணி ராதிகா வண்டியிலிருந்து இறங்காமல் எட்டிப் பார்த்தாள். சுபஸ்ரீ மோர் சொம்போடு வந்து மாமன் முன்னால் நின்றாள். ராஜாங்கம் சொம்பைத் தொடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தார். பிறந்த வீட்டு மனுஷன் வாசல் வரை வந்து, தண்ணீர்கூட வேண்டாம் என்று முதுகைக் காட்டி உட்காருவது சாதாரணமா?

அப்படியே ஒரு மணி நேரம் போனது. கேரவன் மூக்கை நீட்டிக்கொண்டு கயிற்றுக்கு முன்னால் நின்றது. பக்கத்து இடமான கிணற்றுமேட்டில் வண்டி போட்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அடுப்பில் நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்து மணம் தோப்பு முழுக்கப் பரவியது. அதற்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

குட்டியானை வண்டி வந்தபோது பிள்ளைகள் கூச்சல்தான் முதலில் வந்தது. பின்னால் நீலத் தார்ப்பாய், மூங்கில் கழி, அண்டா, அரிசி மூட்டை, அதற்கு நடுவில் செல்லியம்மாள். மகன் கலையரசன் ஓட்டி வந்தான். மருமகள் மலர்விழி முன்னால் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே பிள்ளைகள் குதித்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து மரத்தை நோக்கி ஓடினார்கள். கோடையில் பள்ளத்திலிருந்து அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த பிள்ளைகள் அவை.

செல்லியம்மாள் இறங்கினாள். கேரவனைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், நாற்காலியில் இருந்தவரின் முதுகைப் பார்த்தாள். ராமசாமி மெல்ல அவள் பக்கமாக நகர்ந்து குனிந்தார்.

"இன்னாங்க காதாண்ட பேசறீங்க?" என்று அவள் சத்தமாகவே கேட்டாள். "எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"இல்லம்மா, அவரு என் மச்சான். அக்காவோட அண்ணன். நீங்க கொஞ்சம் தள்ளி..."

"எடம் யாருக்கு வேணும்? ஒங்களுக்கா, அவருக்கா?"

"அவருக்குத்தான்."

"அப்ப அவரு வந்து கேக்கட்டுங்க. கேட்டா நான் குடுத்துட்டு போறேன், எனக்கு எடத்துமேல ஒன்னும் பேராசை இல்ல. போன தடவ மழையில நின்னப்ப நாங்க யாரையாவது எழுந்திரின்னு சொன்னோமா? முறைன்னு சொன்னாங்க, சரின்னு நின்னோம். இன்னிக்கு அதே முறை எங்க பக்கம் வந்துக்கினு இருக்கும்போது, காதாண்ட வந்து சொன்னா நகந்துடுவமா?"

செந்தமிழுக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. தான் சொல்ல நினைத்ததை இவ்வளவு நேராக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

ராஜாங்கம் எழுந்தார். செல்லியம்மாளிடம் போகவில்லை. தங்கச்சியிடம் வந்தார்.

"பாவம் பாத்து குடுக்கற, அப்படித்தான?"

"பாவம் பாக்கலண்ணா. பாவம் பாக்கறதுன்னா கோடையிலயே மரத்தடிய குடுத்திருப்பேன். அன்னிக்கு குடுக்கல. அன்னிக்கு அவங்க முறை இல்ல."

"நான் போய் அவகிட்ட கேக்கணுமா? நானு?"

"கேக்கணும்னு இல்ல. வேணும்னா கேக்கணும்."

"சரி. அப்ப நீயும் ஒன்னு தெரிஞ்சிக்கோ. ஆவணில தட்டு தூக்கறதுக்கு வேற ஆள பாத்துக்கோ. செல்லியம்மாவையே கூப்ட்டு தூக்க சொல்லு."

சுபஸ்ரீயின் கையிலிருந்த சொம்பிலிருந்து மோர் சிந்தியது. ராமசாமி, "மச்சான், மச்சான்" என்று கையைப் பிடிக்கப் போனார். செந்தமிழ் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அண்ணா, நான் ஒன்னு கேக்கறேன். அந்த பஞ்சத்துல ஊரு ஏரிக்கு முறை பாக்க ஒன்னியத்தான் வெச்சிருந்துது. ஞாபகம் இருக்குதா? என் கழனியில பாதிதான் பாஞ்சிருந்துது. நெல்லு பொதி கட்டி, கதிர் வெளிய வர நேரம். நேரம் ஆயிடுச்சுன்னு வந்து மடைய அடைச்ச. நான் வரப்பு மேலயே நின்னுக்கினு இருந்தேன். கல்யாணம் ஆன புதுசு. என் மொத வெள்ளாம. என் மூஞ்சக்கூட பாக்காம மண்ண வெட்டி போட்டுட்டு அடுத்தவன் கழனிக்கு போயிட்ட."

ராஜாங்கம் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"பாதி கழனி மணி புடிக்காம சாவியா போச்சு. மாமியாரு ஊரே கேக்கற மாதிரி திட்டுச்சு, கூடப்பொறந்தவனா அவன்னு. நான் ஒன்கிட்ட ஒரு வார்த்த கேட்டனா? அன்னிக்கு சாயங்காலம் எங்க வூட்டு வழியா போன, கூப்ட்டு சோறு போட்டனா இல்லியா? ஏன்? எனக்கு கோவமே வரலண்ணா. பெருமையா இருந்துது. தண்ணி எடுக்கப் போனா பொம்பளைங்க சொல்லுவாங்க, தங்கச்சி கழனின்னுகூட பாக்காம அடைச்சிட்டான் பாரு, அவன்தான் ஆம்பளன்னு. நான் தலைய தூக்கிக்கினு நடந்தேன், இவன் எங்கண்ணன்னு." மூக்கை உறிஞ்சினாள். "இன்னிக்கு நான் அடைச்சிருக்கேன். ஒனக்கு பெருமையா இல்லன்னா, கயித்த நீயே அவுத்துக்கோ. நான் தடுக்க மாட்டேன்."

ராஜாங்கம் கயிற்றைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். அதன் கிளையில் ஏற்கனவே ரெண்டு பிள்ளைகள் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் போய் வண்டியில் ஏறினார். கதவு அறைந்த சத்தத்தில் காக்கைகள் எழும்பின. கேரவன் பின்வாங்கி ரோட்டில் ஏறி, அணைப் பக்கமாகத் திரும்பி மறைந்தது.

"போச்சு," என்று ராமசாமி அதே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "எல்லாம் போச்சு. சின்னசேலம் போய்தான் நிப்பாரு. ஆவணிக்கு நாம மட்டும் தட்ட வெச்சிக்கினு ஒக்காந்திருக்க வேண்டியதுதான்."

சுபஸ்ரீ உள்ளே ஓடினாள். செல்லியம்மாள் கிட்டே வந்து, "அக்கா, என்னாலதான் பேஜாரு. நான் வேணா..." என்று ஆரம்பித்தாள்.

"கம்முனு போய் தார்ப்பாய கட்டு செல்லி. மேக்கால கருத்துக்கினு வருது."

அவளும் கூடப் போய்க் கழியைப் பிடித்துக்கொடுத்தாள். கலையரசன் முளை அடித்தான், மலர்விழி அடுப்புக்குக் கல் கூட்டினாள். எல்லாம் முடிந்தபிறகுதான் செந்தமிழ் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல் இல்லை, நன்றாகவே அழுதாள். அண்ணன் போய்விட்டான். மகள் நிச்சயத்தில் தாய்மாமன் இடம் காலி. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? இவ்வளவும் தெரிந்துதான் செய்தோம், மறுபடி கேட்டாலும் இதையேதான் செய்வோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதனால் அழுகை வந்ததே தவிர, தலை குனியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து களி கிண்ட உட்கார்ந்தாள்.

"யாருக்கு இவ்ளோ களி?" என்றார் ராமசாமி.

"பசிக்கிறவங்களுக்கு."

களி வெந்து திரண்டு வருகிற நேரம். கீழேயிருந்து ஹாரன் கேட்டது. ரோட்டுப்பக்கம் இல்லை, வண்டிப்பாதைப் பக்கம். விட்டு விட்டு, எரிச்சலாக அடிக்கிற ஹாரன். நாய் குரைத்துக்கொண்டு கடைக்கோடியைப் பார்த்து ஓடியது. செந்தமிழ் துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

கீழே, எருக்குழிக்குப் பக்கத்தில், ராத்திரி மலைமேல் பெய்த தண்ணீர் இறங்கித் தேங்கிய சேற்றில் பின்சக்கரம் புதைந்து, கேரவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஜன்னல் வழியாக ராஜாங்கம் தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ் மாப்ள! இத்தினி வருசமா இந்த எருக்குழிய மாத்தாம இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த? நாத்தம் கொடலைப் புரட்டுது!"

அவர் எங்கேயும் போகவில்லை. நீள வண்டி தோப்புக்குள் திரும்பாது என்று அந்த மண்ணில் வளர்ந்தவருக்குத் தெரியாதா? அணைவரை போய்த் திருப்பிக்கொண்டு, கடைக்கோடிக்கு வரவேண்டிய வழியில்தான் வந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த வார்த்தையைச் சொன்னால் ராஜாங்கம் ஆகமாட்டாரே!

முதலில் ஓடிப்போய் வண்டிக்குத் தோள் கொடுத்தது கலையரசன். பின்னாலேயே மரத்திலிருந்து இறங்கிய பிள்ளைகள் அத்தனையும் ஓடின. "ஏலேலோ" என்று கூச்சல் போட்டுத் தள்ளியதில் சக்கரம் சேற்றை வாரி எல்லார் முகத்திலும் அடித்துவிட்டு, சரளை மேட்டில் ஏறி நின்றது. ராஜாங்கம் இறங்கினார். செல்லியம்மாள் எதிரே நின்றாள்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேனேங்க," என்றாள்.

"நான் ஏம்மா கேக்கணும்? எனக்கு முறை வராதா?" என்றார் அவர். அப்புறம் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்த கலையரசனைப் பார்த்து, "தம்பி, தெம்பா தள்ளின. மொகத்த கழுவிக்கினு வா, இங்க சாப்டலாம்" என்றார்.

சேலத்துக் கூட்டாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் நின்றார். "என்னங்க ராஜாங்கம், மரத்தடின்னு சொன்னீங்க?"

"மரத்தடி அடுத்த தடவைங்க. இது எங்க ஊரு முறை. பஞ்சத்துலகூட மாத்தாத முறை. ஒங்க சேலத்துல இந்த மாதிரி கட்டுதிட்டம் உண்டா?" என்று அவர் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டார். கையைச் செந்தமிழ் பக்கம் நீட்டினார். "இதான் என் தங்கச்சி. அண்ணன் நானே வந்து நின்னாலும் கயிறு கட்டுவா. நல்லா பாத்துக்குங்க."

ராதிகா அண்ணி அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கினாள். நேராக வந்து செந்தமிழின் கையைப் பிடித்துக்கொண்டு, "வழி பூரா ஒரே பொலம்பல் தமிழு. கோவம்னு நெனச்சேன். அணைகிட்ட போய் வண்டிய நிறுத்திட்டு கொஞ்ச நேரம் கம்முனு ஒக்காந்திருந்தாரு. அப்பறம் திருப்பினாரு" என்று காதோடு சொன்னாள்.

ராஜாங்கம் எருக்குழியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். "தமிழு! ஆயுத பூச லீவுக்கு மரத்தடி யாரு முறை?"

"கடக்கோடில படுத்தவங்க முறைண்ணா."

"எவனாச்சும் பெரிய மனுஷன், சொந்தக்காரன், தாய்மாமன்னு வந்து நின்னா?"

"கயிறு கட்டுவேன்."

"கட்டு," என்றார். "ஆவணிக்கு தட்டு இருபத்தொன்னு போதுமா, இன்னும் ஜாஸ்தி எடுத்தாரட்டா?"

செந்தமிழ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுபஸ்ரீதான் பின்னால் நின்று அழுதுகொண்டே, "போதும் மாமா, போதும் மாமா" என்றாள்.

"அப்பறம் ஏன் எல்லாரும் வேடிக்க பாத்துக்கினு நிக்கறீங்க?" ராஜாங்கம் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, இந்தத் தடவை வீட்டைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். "வந்ததுல இருந்து தொண்ட காஞ்சி கெடக்குது. மோர் தரேன்னியே தமிழு, எங்க அது?"